கோட்டைக்குப்பத்து நோட்டுகள்

அந்த ஸ்டேஷனை இடித்த வாரம் எனக்கு ராத்திரி பாரா. துப்பாக்கி, விலங்கு, லாக்-அப் சாவி, நடப்பு ரிஜிஸ்டர் எல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டன. பழைய இடத்தில் மிஞ்சியது பரண்மேல் கிடந்த காகிதக் கட்டுகள்தான். எடைக்கு எடுக்க ஆள் வரும்வரை அதற்கு நான் காவல். ஊர் பெயர் வேண்டாம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீமை ஓட்டுக் கூரை, முன்னால் தாழ்வாரம், இரண்டு பக்கமும் லாக்-அப், நடுவில் ரைட்டர் மேஜை. தாழ்வாரத்துத் தேக்குத் தூணில் பாராக்காரர்கள் முதுகு சாய்ந்து சாய்ந்தே ஓர் ஆள் உயரத்துக்கு வழவழப்பு ஏறியிருந்தது. எனக்கு முன்னால் அங்கே நின்றவர்கள் எல்லோரும் அந்த வழவழப்பில் இருந்தார்கள்.

தூக்கம் வராமல் ஒரு கட்டை இறக்கி டார்ச் வெளிச்சத்தில் பிரித்தேன். ஸ்டேஷன் கிரைம் ஹிஸ்டரி. அதில் ஊர் ஊராகக் குறிப்பு எழுதும் பகுதி ஒன்று உண்டு. போலீஸ்காரர்களைத் தவிர வெளியாருக்கு அது தெரியாது. எந்தக் குப்பத்தில் எத்தனை தலைக்கட்டு, எந்த மாதம் திருவிழா, எந்தத் தோப்பில் கள் இறக்குகிறார்கள், எந்த இரண்டு தெருவுக்குள் தண்ணீர்த் தகராறு என்று ஒவ்வொரு ரைட்டரும் தன் காலத்துச் சங்கதியைச் சேர்த்துக்கொண்டே வந்திருந்தார். மை மாறும், கையெழுத்து மாறும், ஊர் மட்டும் தொடரும். விடிவதற்குள் ஏழெட்டு ஊர் படித்தேன். காலையில் மீன்பாடி வண்டியோடு ஆள் வந்தான். தராசில் ஏற்றினான். "இந்த ஒரு நோட்டை மட்டும் விட்டுடலாமா?" என்று கேட்டேன். "அதுக்கு ரூல் இல்லையே ஏட்டய்யா" என்றார் பொறுப்பில் இருந்தவர். அவர் சொன்னதும் சரிதான், ரூல் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த நோட்டின் காலிகோ அட்டை என் கண்ணில் நிற்கிறது.

நான் பிறந்தது பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். கடல் ஒரு பக்கம், ஏரி ஒரு பக்கம். கோட்டை இடிந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, குப்பத்தின் பெயரில் மட்டும் அது இன்னும் நிற்கிறது. ரிட்டயர் ஆகி வந்தபின் வெளியூரிலிருந்து யாராவது வந்து "கோட்டை எங்கே?" என்று கேட்டால் நான்தான் அழைத்துப் போகிறேன். சீமைக்கருவேலம் அடர்ந்த ஒரு மேடு, சுற்றி அகழியின் தடம், அதில் மழைத் தண்ணீர். வந்தவர்கள் ஏமாந்து போகிறார்கள். "இவ்வளவுதானா?"

இவ்வளவுதான் இல்லை. டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் கால் ஊன்றியது 1609-ல். 1612-ல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் வந்து அவர்களுடைய பண்டகசாலையை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த வருஷமே கோட்டை எழும்பிவிட்டது. தலைமை அதிகாரி வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்கு கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். விஜயநகரத்து வேங்கட ராயரின் ஆட்சி அது. அதன்பின் 1690 வரை, தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைநகரம் எங்கள் ஊர். இங்கே அரைத்த வெடிமருந்து ஆசியா முழுக்க அவர்களுடைய கோட்டைகளுக்குப் போனது. காசு அடித்தார்கள். இங்கிருந்து கப்பலேறிய துணி மலாய் நாட்டில் எவ்வளவு ஆழமாய் ஒட்டிக்கொண்டது என்றால், கட்டம் போட்ட கைலிக்கு அங்கே இன்றைக்கும் பெயர் 'கைன் பெலிக்கட்'. பழவேற்காட்டை வெள்ளைக்காரர்கள் புலிகாட் என்றார்கள். அந்தப் பெயர்தான் கோலாலம்பூர் ஜவுளிக்கடையில் இன்னும் புழங்குகிறது. அங்கே வேலைக்குப் போன எங்கள் பையன் ஒருவன் இதை போனில் சொன்னபோது எனக்கு நெஞ்சு விம்மியது.

ஆனால் துணியோடு மனிதர்களும் போனார்கள். இதை நான் வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். பஞ்ச காலங்களில் சோற்றுக்காகத் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்களை இந்தத் துறையில் ஏற்றி பத்தேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். அரக்கானிலிருந்தும் அடிமைகளைப் பிடித்துக்கொண்டு வந்து இங்கே இறக்கினார்கள். கெல்ட்ரியாவின் சுவருக்குள் அடைபட்டிருந்த அவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கள் ஊரில் எங்கும் எழுதியில்லை.

சின்ன வயதில் விறகு பொறுக்க அந்த மேட்டுக்குப் போவோம். மழை விட்ட மறுநாள் போனால் மண்ணிலிருந்து நீலப் பூப்போட்ட பீங்கான் ஓடுகள் தலை நீட்டும். ஒரு நாள் எனக்கு ஒரு செப்புக்காசு கிடைத்தது. பச்சைக் களிம்பைப் புளி போட்டுத் தேய்த்தபோது ஒன்றுக்குள் ஒன்று பின்னிய மூன்று எழுத்து தெரிந்தது: வி, ஓ, சி. பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம்தான் வ.உ.சிதம்பரனார் பாடம் நடத்தியிருந்தார்கள். அவருடைய கப்பல் காசு என்று நினைத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "இது டச்சுக் கம்பெனி போட்ட முத்திரைடா. உன் மாதிரி பசங்களைக் கப்பல்ல ஏத்தினவன் காசு" என்றார். வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து 1906-ல் கப்பல் கம்பெனி தொடங்கியவருக்கும் அதே மூன்று எழுத்து. எங்கள் கரையிலிருந்து ஆள் ஏற்றிய கம்பெனிக்கும் அதே மூன்று எழுத்து. அந்தக் காசை என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. வாத்தியார் முகம் ஞாபகம் இருக்கிறது.

கோட்டையைவிட நன்றாக இருப்பது டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் சுற்றுச்சுவரும் கேட்டும் நீல போர்டும் உண்டு. 1656-ல் அமைத்த வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. எங்கள் ஆயா அந்த வழியாகப் போகும்போது முந்தானையால் என் கண்ணைப் பொத்திவிடுவாள். உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். ஒவ்வொரு பலகைக் கல்லிலும் குடும்பச் சின்னம், பெயர், பதவி, பிறந்த நாள், செத்த நாள். எழுத்தின் விளிம்பு இன்னும் விரலைக் கீறுகிறது, அவ்வளவு கூர்மை. பத்தேவியாவில் இருந்த டச்சுக்காரர்களின் கல்லறைகளுக்கும் சோழமண்டலக் கரையிலிருந்து கல் போனது. அந்த எழுத்தின் வளைவைத் தடவிப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு உளி பிடித்த கையைப் பற்றித்தான் யோசனை. படிக்கத் தெரியாத பாஷையில், பிழையில்லாமல், ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடைவெளி மாறாமல் வெட்டியிருக்கிறான். செத்தவன் பெயர் இருக்கிறது. வெட்டியவன் பெயர் இல்லை.

டச்சுக் கம்பெனி எழுதித் தீர்த்த கம்பெனி. எந்தக் கப்பலில் எத்தனை கட்டுத் துணி, எந்த மழையில் எந்தச் சுவர் விழுந்தது, எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஆவணங்கள் இன்று ஹேக் நகரத்தில் பத்திரமாக இருக்கின்றன. 2003-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஏடுகள் உண்டு. எங்கள் ஊர் பற்றி எங்களுக்குத் தெரியாததெல்லாம் அந்த ஏடுகளுக்குத் தெரியும். ஏடு எழுதியவர்களுக்குத் தேவைப்படாத விஷயம் மட்டும் அதில் இல்லை. அதாவது நாங்கள்.

1795-ல் இங்கிலீஷ்காரர்கள் பழவேற்காட்டைப் பிடித்தார்கள். 1806-ல் கோட்டையை இடித்தார்கள். பிறகு 1818-ல் டச்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்து, உடன்படிக்கைப்படி 1825-ல் மறுபடி வாங்கிக்கொண்டார்கள். சென்னைப்பட்டினம் வளர வளர இங்கே துறை வற்றியது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாயை 1837-ல் பழவேற்காடுவரை நீட்டினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் அதுவே பக்கிங்காம் கால்வாய் ஆனது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு படகு படகாக அதன் வழியே பட்டினத்து அடுப்புகளுக்குப் போனது. எங்கள் தாத்தா விறகுப் படகில் கழி தள்ளியவர். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் எந்த லாக்கில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்வார்.

போலீஸ்காரனாக எனக்கு முக்கியமானது வேறொரு வருஷம்: 1859. அதற்கு முந்தைய கதையை டிரெயினிங்கில் யாரும் சொல்லித் தரவில்லை, நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது வரி வசூலும் தாசில்தார் கையில், போலீஸ் அதிகாரமும் தாசில்தார் கையில். வரி கட்டாதவனை வழிக்குக் கொண்டுவர கிட்டி போட்டார்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரல்களை வைத்து நெருக்குவது அது. அண்ணாந்தாள் என்று இன்னொன்று: குனிய வைத்து, கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது. சென்னை மாகாணத்தில் இதெல்லாம் நடக்கிறது என்று கூக்குரல் எழுந்து, ஒரு கமிஷன் போட்டு விசாரித்து, 1855-ல் அறிக்கை வந்தது. சனங்கள் மைல் கணக்கில் நடந்து வந்து கமிஷன் முன்னால் கையைக் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் 1859-ன் 24-ஆம் சட்டம் வந்து, வரியையும் போலீஸையும் பிரித்தது. வில்லியம் ராபின்சன் முதல் ஐ.ஜி. ஆனார். கிராமத்துக் காவலாளியும் தலையாரியும் பார்த்துவந்த இடத்தில், பிறகு ஊர் ஊராக ஸ்டேஷன் கட்டினார்கள்.

சீமை ஓட்டு ஸ்டேஷன் எனக்கு வெறும் பழைய கட்டடமாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான். கிட்டியால் நசுங்கிய விரல்களைப் பார்த்து எழுதிய சட்டம்தான் ஊர் நடுவில் அப்படிச் சுவராக எழும்பியது. அந்தச் சட்டம் சொன்னதைச் சுவர் முழுக்கக் காப்பாற்றியதா? இல்லை. லாக்-அப் சுவருக்குத் தெரிந்தது எனக்கும் கொஞ்சம் தெரியும். என் கையை யாரிடமும் நீட்டிக் காட்டி, சுத்தம் என்று சொல்லிவிட மாட்டேன். அதற்காகவும் அந்த அறை இருக்கத்தான் வேண்டும். இடித்துத் தள்ளிவிட்டால் அங்கே அழுதவர்களின் சாட்சியும் சேர்ந்து போகும்.

பட்டினத்தில் ஒன்றைக் காப்பாற்றிவிட்டார்கள் என்ற சந்தோஷம் உண்டு. எழும்பூர் பழைய கமிஷனர் ஆபீஸ். 1842-ல் கட்டிய வீடு. அருணகிரி முதலியாரிடம் மாதம் 165 ரூபாய் வாடகைக்கு எடுத்து, அப்புறம் 21,000 ரூபாய்க்கு விலைக்கே வாங்கினது சர்க்கார். கமிஷனர் ஆபீஸ் வேப்பேரிக்குப் போனபின் அது என்ன ஆகுமோ என்று எங்களுக்கெல்லாம் கவலை. செப்பனிட்டு, 2021 செப்டம்பர் 28 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் போலீஸ் அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். பேரனைக் கூட்டிப் போனேன். அவன் துப்பாக்கியைப் பார்த்தான், நான் மரப்படியையும் தூண்களையும் பார்த்தேன். பெரிய ஆபீசுக்குக் கிடைத்த இந்த அக்கறையில் கால்வாசி ஒரு கிராமத்து ஸ்டேஷனுக்குக் கிடைத்திருந்தால் போதும். ஒரு ஓட்டுக் கூரையைச் சரிசெய்ய எவ்வளவு ஆகிவிடும்?

இங்கே குப்பத்தில் அமைதி காத்தது ஸ்டேஷன் மட்டும் இல்லை. ஸ்டேஷன் வருவதற்கு முன்பிருந்தே ஏரிக்குள் ஒரு சட்டம் இருந்தது. அதற்குப் பாடு என்று பெயர். ஏரியில் இறால் ஓடும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் ஏறும்போது எங்கே வலை போட்டால் அகப்படும் என்பதும் தெரியும். எல்லோரும் ஒரே இடத்தில் விழுந்தால் வெட்டுக்குத்துதான். அதனால் இடத்தைப் பங்கு பிரித்து, யாருக்கு எந்த நாள் எந்தப் பாடு என்று முறை வைத்துச் சுழற்றுவார்கள். இன்று நல்ல இடம் வாய்த்தவனுக்கு நாளை சுமாரான இடம். கல்யாணம் ஆகித் தலைக்கட்டு ஆனவனுக்குத்தான் பங்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், இந்த மூன்று ஊருக்கும் பாடு வழிவழியாக வருகிறது. இலங்கையில் நீர்கொழும்பு ஏரியிலும் இதே பெயரில் இதே மாதிரி முறை உண்டு. அங்கே அரசாங்கமே அதைச் சட்ட விதிக்குள் கொண்டுவந்திருக்கிறது.

பாட்டைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போனால் நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். எங்கள் சாதியான பட்டினவர் அல்லாதவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. பெண்களுக்குக் கிடையாது. இறால் ஏற்றுமதியாகி விலை ஏறினபோது, ஏரிக்கரையில் இருந்த மற்ற சாதிக்காரர்கள் "ஏரி உங்க வீட்டுச் சொத்தா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் யாரிடமும் நல்ல பதில் இல்லை. காக்கி போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றிருக்கிறேன், ஒரு பக்கம் என் மாமன் மச்சான்கள். இருந்தாலும் வலையை அளவோடு போட வைத்ததும், ஒருவன் நாளில் இன்னொருவன் கை வைக்காமல் பார்த்துக்கொண்டதும் பாடுதான். அதன் குறையோடு சேர்த்து அது எங்கள் சரித்திரம்.

இப்போது பழவேற்காட்டில் பழமையைக் காக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், நல்லது. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் செம்புரைக்கல் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ராமாயணக் காட்சி செதுக்கியிருப்பதையும், பள்ளிவாசல் முற்றத்துச் சூரியக் கடிகாரத்தையும், மகிமை மாதா கோயிலையும், மரைக்காயர் தெருவின் பழைய வீடுகளையும் பார்க்க மாணவர்கள் வருகிறார்கள். கட்டடக்கலைப் படிப்பு படிக்கிற பிள்ளைகள் டேப் பிடித்து அளந்து படம் போடுகிறார்கள். ஆனால் எங்கள் குப்பத்துச் சனங்களிடம் 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்று சொன்னால் முகம் சுருங்குகிறது. 2010-ல் வந்த திருத்தச் சட்டப்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். சுனாமி அடித்து ஓய்ந்த ஊர் இது. ஓலை வீட்டை மாற்றி மெத்தை வீடு கட்டக் காசு சேர்த்தவனிடம், "செத்துப்போன டச்சுக்காரனுக்காக நீ காத்திரு" என்று சொல்கிற மாதிரிதான் அவனுக்குக் கேட்கிறது. சட்டம் வேண்டும், அது இல்லாவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் மிஞ்சியிருக்காது. ஆனால் அந்தக் காவலில் எங்கள் கதைக்கும் ஒரு இடம் இருந்தால்தான் சனங்கள் அதைத் தங்கள் காவலாக நினைப்பார்கள்.

தரங்கம்பாடிக்கு ஒருமுறை பந்தோபஸ்து டியூட்டிக்குப் போனேன். டென்மார்க்காரர்கள் 1620-ல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து முழுசாக நிற்கிறது, உள்ளே அருங்காட்சியகம். எங்கள் கோட்டை அதைவிட ஏழு வருஷம் மூத்தது. மண்மேட்டை மறுபடி கோட்டையாக்க முடியாது, அதை நான் கேட்கவும் இல்லை. நான் கேட்பது ஒரு அறை. ஊருக்குள் இருக்கிற ஏதாவது ஒரு பழைய கட்டடத்தில், ஒழுகாத ஒரு அறை. அதில் கோட்டை மேட்டில் பொறுக்கிய பீங்கான் ஓடுகள் இருக்கட்டும், பனையோலை பின்னுகிற எங்கள் ஊர்ப் பெண்களின் பழைய பின்னல் மாதிரிகள் இருக்கட்டும், கால்வாய்ப் படகின் ஒரு கழி இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நோட்டுகள் இருக்கட்டும்.

ஏனென்றால் நோட்டுகள் இருக்கின்றன. இது எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது. ஊர் பெரியவர் ஒருவர் உடம்பு முடியாமல் படுத்திருந்தார், பார்க்கப் போனேன். "இன்னாப்பா, டச்சுக்காரன் சமாதியைச் சுத்திக்கினே கீறியே, நம்ம நோட்டைப் பாத்துகிறியா?" என்றார். மருமகளைக் கூப்பிட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கறையான் ஓரம் தின்ற நீள நோட்டு ஒன்று. பாடு கணக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, பாட்டின் பெயர், எதிரே தலைக்கட்டுகளின் பெயர், வராதவனுக்கு ஒரு பெருக்கல் குறி, தண்டம் கட்டியவனுக்கு எதிரே அணாக் கணக்கு. ஒரு பக்கத்தைப் பிரித்தபோது தாளோடு தாளாக ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. எழுதியவன் கரையேறின கையோடு எழுதியிருக்கிறான். பதினாறாவது பக்கத்தில் எங்கள் தாத்தா பெயர். விறகுப் படகை விட்டு ஏரிக்கு வந்த வருஷமாக இருக்கும். பெயருக்கு எதிரே 'வலை புதிது' என்று ஒரு வார்த்தை.

பெரியவரிடம் நோட்டைக் கேட்கவில்லை, கேட்டால் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. பேரனை வரவழைத்து, வாசல் திண்ணையில் வெயில் படுகிற இடத்தில் வெள்ளைத் துணி விரித்து, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தோம். மருமகள் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினாள். அதைக் கேள்விப்பட்டு ஆண்டிக்குப்பத்திலிருந்து ஒருவர் தன் நைனா எழுதின நோட்டை மஞ்சப் பையில் கொண்டுவந்தார். இதுவரை ஆறு நோட்டு முடிந்திருக்கிறது. ஏழாவது நோட்டு வைத்திருப்பவர் தேர்த் திருவிழா முடிந்து தருகிறேன் என்றிருக்கிறார்.